செட்டாப் பெட்டிக்குள் இருக்கும் பழைய பதிவுகளைக் கணினிக்கு மாற்ற முடியுமா? பெட்டி டிக் டிக் என்கிறது

கரந்தை மீனா எழுதியது:

வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் 2013-இல் வாங்கிய டிடிஎச் பெட்டி ஒன்று இருக்கிறது. உள்ளேயே 500 ஜிபி ஹார்ட் டிஸ்க் வைத்த, ரெக்கார்டிங் செய்கிற மாடல். வாங்கியவர் என் மாமனார். மார்கழிக் கச்சேரி, பட்டிமன்றம், 2016 மகாமகம் என்று கண்ணில் பட்டதையெல்லாம் பதிந்து வைப்பார். ரிமோட்டில் மற்ற பொத்தான்களில் எல்லாம் எழுத்து இருக்கிறது, ரெக்கார்டு பொத்தானில் மட்டும் அழிந்துபோய்விட்டது. அவ்வளவு அழுத்தியிருக்கிறார்.

2020 பிப்ரவரி 5, தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கு. 23 வருஷம் கழித்து நடந்தது. 1997-இல் யாகசாலையில் தீப்பிடித்த அன்று மாமா கோயிலுக்குள் இருந்தவர். அதற்குப் பிறகு கூட்டம் என்றாலே அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார். ஆனால் தமிழிலும் ஓத வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது தெரிந்ததும், "திருமுறையைக் காதால் கேட்டுவிட்டு வருகிறேன்" என்று தனியாகக் கிளம்பிவிட்டார். கிளம்பும் முன் நேரலைக்கு டைமர் வைத்துவிட்டுத்தான் போனார். சாயங்காலம் வந்து போட்டுப் பார்த்தால், கேமரா கூட்டத்தின் மேல் மெதுவாக நகர்கிறது, தலையில் ஈரத் துண்டும் உச்சியில் குவித்த கையுமாக மாமா நிற்கிறார்! மொத்தம் ஒன்பது வினாடி. அடுத்த வருஷம் அவர் இறந்துவிட்டார். அத்தை மாதம் ஒரு தடவையாவது அதைப் போடச் சொல்வார்.

இப்போது பிரச்சினை. இரண்டு வாரமாகப் பெட்டிக்குள் டிக் டிக் என்று சத்தம். பழைய பதிவுகளைப் போட்டால் நடுவில் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்று, பிறகு ஓடுகிறது. கஸ்டமர் கேரில் கேட்டேன். "மேடம், பாக்ஸ் மாற்றித் தருகிறோம், பழைய பாக்ஸைத் திருப்பித் தந்துவிடுங்கள், ரெக்கார்டிங் எதுவும் வராது" என்கிறார்கள். புதுப் பெட்டியில் ஹார்ட் டிஸ்க்கே கிடையாதாம்.

நானே ஸ்க்ரூவைக் கழற்றி, டிஸ்க்கை எடுத்து, யூஎஸ்பி கேபிள் போட்டு லேப்டாப்பில் மாட்டினேன். விண்டோஸ் உடனே "ஃபார்மட் செய்யவா?" என்றது. கை நடுங்கிக் கேன்சல் அழுத்தினேன். மறுபடி பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டேன், இன்னும் ஓடுகிறது. பெட்டியின் பின்னால் யூஎஸ்பி ஓட்டை இருக்கிறது, அதில் பென் டிரைவ் செருகினால் ஒன்றும் நடக்கவில்லை.

உள்ளே 43 பதிவுகள் இருக்கின்றன. எல்லாம் வேண்டும் என்று இல்லை. அந்த ஒன்பது வினாடி மட்டுமாவது கட்டாயம் வேண்டும். யாராவது செய்து பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

பெங்குவின் பாலா எழுதியது:

அக்கா, முதலில் ஒரு நல்ல செய்தி: கேன்சல் அழுத்தியதால் எதுவும் அழியவில்லை. இந்தப் பெட்டிகளுக்குள் ஓடுவது பெரும்பாலும் லினக்ஸ்தான், விண்டோஸ் மாதிரி அதுவும் ஓர் இயங்குதளம். அதனால் டிஸ்க்கையும் லினக்ஸ் முறையில்தான் பிரித்து வைத்திருக்கும். விண்டோஸுக்கு அது புரியாது. தனக்குப் புரியாததையெல்லாம் காலி டிஸ்க் என்று நினைத்துக்கொண்டு ஃபார்மட் செய்யக் கேட்கும். இன்னொரு தடவை கேட்டாலும் கேன்சல்தான்.

கெட்ட செய்தி: லினக்ஸில் மாட்டினாலும் பிரயோஜனம் இல்லை. நான் கல்லூரியில் படித்தபோது எங்கள் வீட்டுப் பெட்டியில் இதைச் செய்து பார்த்தேன். கோப்புகள் தெரிந்தன. ஒவ்வொன்றும் இரண்டு ஜிபி, மூன்று ஜிபி. ஆஹா என்று காப்பி செய்து விஎல்சி என்கிற வீடியோ பிளேயரில் போட்டால் கறுப்புத் திரை, சத்தமும் இல்லை. எல்லாம் பூட்டிய தரவு. உடைக்கலாம் என்று நான்கு இரவு உட்கார்ந்தேன், அரியர் வந்ததுதான் மிச்சம்.

இன்னொன்றும் முயன்றேன். டிஸ்க்கை அப்படியே, ஒரு துளி விடாமல், புது டிஸ்க்குக்குப் பிரதி எடுத்துப் பெட்டியில் வைத்தேன். பெட்டி அதை ஏற்கவில்லை, "புதிய டிஸ்க், ஃபார்மட் செய்ய வேண்டும்" என்றது. பழையதைத் திருப்பி வைத்ததும் ஒழுங்காக ஓடியது. எல்லா மாடலும் இப்படித்தானா என்று கேட்டால் என் பெட்டி இப்படித்தான், அவ்வளவுதான் சொல்வேன்.

டிக் டிக் என்பது படிக்கும் முனை தடுமாறுகிற சத்தம். அதனால் தேவையில்லாமல் ஓட விடாதீர்கள்.

வெட்டி ஆபீசர் எழுதியது:

ஒன்பது வினாடிதானே? டிவியில் போட்டு மொபைலில் வீடியோ எடுங்கள். முடிந்தது கதை. இதற்கு எதற்கு இவ்வளவு ஆராய்ச்சி?

சமாதானபுரம் அண்ணாச்சி எழுதியது:

ஆபீசர் தம்பி வேடிக்கைக்குச் சொன்னாரோ என்னவோ, சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். மீனா தங்கச்சி, மற்றதைப் படிக்கிறதுக்கு முன்னால் எழுந்து போய் அதைச் செய்துவிட்டு வா. அறை விளக்கை அணை. ஜன்னலை மூடு. மொபைலைக் கையில் பிடிக்காதே, நாற்காலி மேல் நாலு புத்தகம் அடுக்கி அதில் சாய்த்து வை. டிவிக்கு ரொம்பக் கிட்டே போனால் திரையில் அலை அலையாகக் கோடு விழும், அஞ்சாறு அடி தள்ளி வைத்துக் கொஞ்சம் ஜூம் பண்ணு. தரம் சுமாராகத்தான் இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும். டிஸ்க் இன்று ராத்திரியே போனாலும் உன் மாமனார் முகம் கையில் இருக்கும்.

எடுத்துவிட்டாயா? சரி, இப்போது விஷயத்துக்கு வருவோம்.

பாளையங்கோட்டையில் 26 வருஷம் டிவி ரிப்பேர் கடை வைத்திருந்தேன். கல்யாண கேசட்டை சிடியாக்கித் தந்தது மட்டும் ஆயிரத்துக்கு மேல் இருக்கும். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், பெட்டியைத் திறக்கிற வழியில் போகாதே. சேட்டிலைட்டில் இருந்து சிக்னல் வரும்போதே பூட்டித்தான் வருகிறது. பெட்டியில் செருகியிருக்கிற கார்டு அதைத் திறக்கிறது. பதியும்போது பெட்டி மறுபடியும் தன் சொந்தச் சாவியால் பூட்டி டிஸ்க்கில் போடுகிறது. அந்தச் சாவி அந்தப் பெட்டியின் சிப்புக்குள் இருக்கிறது. அதே கம்பெனியின், அதே மாடலின் பக்கத்து வீட்டுப் பெட்டியில் உன் டிஸ்க்கைப் போட்டாலும் படம் வராது. கஸ்டமர் கேர் பிள்ளைகள் சொன்னது உண்மைதான், அவர்களைக் குறை சொல்லாதே.

ஆனால் எத்தனை பூட்டு போட்டாலும் கடைசியில் படம் டிவிக்குப் போய்த்தானே ஆக வேண்டும்? பெட்டி தானே கதவைத் திறந்து படத்தை வெளியே அனுப்புகிறது. நாம் வாசலில் பாத்திரத்தோடு நின்று பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். கேசட் காலத்தில் செய்த அதே வேலை.

பெட்டிக்குப் பின்னால் பார். எச்டிஎம்ஐ என்று ஒரு தட்டையான ஓட்டை இருக்கும். அதன் பக்கம் போகாதே, அந்த வழியில் பூட்டு இருக்கிறது, பிடிக்கிற கருவியில் கறுப்புத் திரைதான் வரும். அந்தப் பூட்டைக் கழற்றுகிற ஸ்ப்ளிட்டர் விற்கிறான் என்று யாராவது இங்கே எழுதுவார்கள். நான் அதைச் சொல்லித்தர மாட்டேன். காப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் 65ஏ என்று ஒரு பிரிவு சேர்த்திருக்கிறார்கள், களவு நோக்கத்தோடு பூட்டை உடைத்தால் இரண்டு வருஷம் வரைக்கும் உண்டு. உன் நோக்கம் அது இல்லைதான், ஆனால் நமக்கு அந்த வம்பே வேண்டாம். எடுக்கிறதை வீட்டோடு வைத்துக்கொள், யூடியூபில் ஏற்றாதே.

மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று வட்ட ஓட்டை இருக்கிறதா? அதுதான் ஏவி. மஞ்சள் படம், வெள்ளை இடது சத்தம், சிவப்பு வலது சத்தம். சில பெட்டியில் மூன்றுக்கும் சேர்த்து இயர்போன் ஓட்டை மாதிரி ஒன்றே ஒன்று இருக்கும். அந்த ஏவியில் வருகிற படத்தையும் சத்தத்தையும் பிடித்து லேப்டாப்புக்குக் கொடுக்க ஒரு யூஎஸ்பி கேப்சர் வாங்கு. ஈஸிகேப் என்று கேட்டால் தருவார்கள். நான் வாங்கியபோது 650 ரூபாய். பெயர் ஒன்றுதான், உள்ளே சிப் நாலைந்து வகை, எது வரும் என்பது உன் அதிர்ஷ்டம். விண்டோஸில் டிரைவர் மக்கர் செய்தால் பாலா தம்பியைக் கேள்.

கேப்சர் பிடிக்கிறதைப் பதிய லேப்டாப்பில் ஓபிஎஸ் ஸ்டூடியோ என்கிற மென்பொருளைப் போட்டுக்கொள், இலவசம். அதில் கவனிக்க வேண்டியதைச் சொல்கிறேன்.

வீடியோ முறை பால் என்று இருக்க வேண்டும். (குடிக்கிற பால் இல்லை, நம் நாட்டு டிவி முறைக்கு அதுதான் பெயர்.) என்டிஎஸ்சி என்று இருந்தால் படம் உருளும், நிறம் போகும். அளவு 720-க்கு 576. உன் பெட்டி எச்டியாக இருந்தாலும் ஏவி வழியாக வருவது இவ்வளவுதான். மனதைத் தேற்றிக்கொள்.

டீஇன்டர்லேஸ் என்று ஒன்று இருக்கும், அதில் யாடிஃப் தேர்ந்தெடு. டிவிப் படம் வினாடிக்கு 50 அரைப்படமாக வருகிறது. ஒற்றைப்படைக் கோடு ஒரு தடவை, இரட்டைப்படைக் கோடு ஒரு தடவை. அதைச் சேர்க்காமல் விட்டால் கையை ஆட்டும்போது விரல் ஓரமெல்லாம் சீப்புப் பல் மாதிரி நிற்கும்.

பெட்டியின் செட்டிங்கில் டிவி அளவை 16:9 என்று வை. லேப்டாப்பில் முகமெல்லாம் ஒல்லியாகத் தெரியும், பயப்படாதே. ஓபிஎஸ்ஸில் 1024-க்கு 576 என்று இழுத்துவிட்டால் சரியாகிவிடும். எல்லாக் கோட்டையும் படத்துக்கே பயன்படுத்திக்கொள்ளலாம், மேலும் கீழும் கறுப்புப் பட்டைக்கு வீணாக்க வேண்டாம்.

கோப்பு வகை எம்கேவியாக இருக்கட்டும், எம்பி4 வேண்டாம். நடுவில் கரண்ட் போனால் சாதாரண எம்பி4 மொத்தமும் வீண், எம்கேவியில் அதுவரை பதிந்தது தப்பும். இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. ஒருவர் மகளின் அரங்கேற்றம், இரண்டே கால் மணி நேரம், கடைசிப் பாட்டில் கரண்ட் போயிற்று. அவர் முகத்தை இன்னும் மறக்கவில்லை.

பிட்ரேட் என்கிற இடத்தில் வினாடிக்கு 4 மெகாபிட் வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு 1.8 ஜிபி வரும். இந்தத் தரத்துக்கு அது போதும் போதும்.

ஒரு மணி நேரப் பதிவுக்கு ஒரு மணி நேரம் ஆகும். குறுக்கு வழி கிடையாது. அதனால் 43-ஐயும் எடுக்கிறேன் என்று கிளம்பாதே. முதலில் குடமுழுக்கு. அப்புறம் வேறு எங்கும் கிடைக்காதது. கச்சேரி, பட்டிமன்றம் எல்லாம் சேனல்காரர்களே யூடியூபில் போட்டிருக்கலாம், தேடிப் பார். குடமுழுக்கு நேரலையும் இருக்கலாம், நீ பார்த்த அதே சேனலாகத் தேடு. இருந்தால் இந்த வேலையே மிச்சம்.

கடைசியாக, வேலை முடிகிற வரைக்கும் ரீசார்ஜை விட்டுவிடாதே. சந்தா தீர்ந்தால் பழைய பதிவைக்கூடத் திறக்க மாட்டேன் என்கிற பெட்டிகள் உண்டு. பெட்டியை மாற்றித் தருகிறோம் என்று ஆள் வந்தால், ஊரில் இல்லை என்று சொல்லிவிடு. இது ஒன்றும் பாவம் இல்லை.

ஹாரோ குமரன் எழுதியது:

லண்டனில் இருந்து எழுதுகிறேன். இங்கே நிலைமை கொஞ்சம் வேறு. என்னிடம் ஹூமாக்ஸ் எச்டிஆர் ஃபாக்ஸ் டி2 என்ற பெட்டி இருக்கிறது, 2010-இல் வந்த மாடல், கட்டணமில்லாத ஃப்ரீவியூ சேனல்களுக்கானது. சாதாரணத் தரத்தில் பதிந்ததை யூஎஸ்பி டிஸ்க்குக்குக் காப்பி செய்தால் அதுவே பூட்டைக் கழற்றித் தரும், கணினியில் நேராக ஓடும். எச்டியில் பதிந்தது மட்டும் பூட்டோடு வரும். ஒரே பெட்டி, ஒரே டிஸ்க், ஒன்று ஓடும், ஒன்று ஓடாது. முதல் வாரம் பெட்டி கெட்டுவிட்டது என்றே நினைத்தேன்.

மீனா அக்காவுக்கு இது உதவாது, தெரியும். ஆனால் இந்த இழையைத் தேடி வருகிறவர்களுக்காக: கட்டணச் சேனலா, இலவசச் சேனலா என்பதுதான் முதல் கேள்வி. ஊரில் அப்பா வீட்டில் தூர்தர்ஷன் ஃப்ரீ டிஷ்ஷுக்கு ஒரு சாதாரணப் பெட்டி வைத்திருக்கிறார். பென் டிரைவ் செருகி ரெக்கார்டு அழுத்தினால் டிஎஸ் என்கிற வீடியோ கோப்பாக விழுகிறது, அதைக் கணினியில் செருகினால் அப்படியே ஓடுகிறது. பென் டிரைவ் ஃபேட்32 என்ற முறையில் ஃபார்மட் செய்தது என்பதால் 4 ஜிபிக்கு ஒரு துண்டாக வெட்டிவிடும், அவ்வளவுதான். டிஎஸ் கோப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டினாலே போதும், மறுபடி மாற்ற வேண்டியதில்லை.

கரந்தை மீனா எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அண்ணாச்சி சொன்ன உடனேயே மொபைலில் எடுத்துவிட்டேன். படத்தில் டிவிக்கு மேல் எங்கள் வீட்டுப் பல்லியும் இருக்கிறது.

யூடியூபில் இரண்டு நாள் தேடினேன். குடமுழுக்கு நேரலை வேறு சேனல்களுடையது கிடைக்கிறது, எங்கள் சேனலுடையது கிடைக்கவில்லை. கேமரா கோணம் வேறு, மாமா எதிலும் இல்லை.

கேப்சர் வந்துவிட்டது, 580 ரூபாய். டிரைவர் என்று சின்ன சிடி ஒன்று வைத்திருந்தான், என் லேப்டாப்பில் சிடி போட இடமே இல்லை. நல்லவேளை, சிடி இல்லாமலே ஓபிஎஸ்ஸில் தெரிந்துவிட்டது. எங்கள் பெட்டியில் அண்ணாச்சி சொன்ன ஒற்றை ஓட்டைதான். வீட்டில் கிடந்த ஒரு மூன்று தலைக் கேபிளைச் செருகினேன். மஞ்சளில் படம் வரவில்லை, ஏதோ நிழல் மாதிரி ஆடுகிறது. சத்தத்தில் ம்ம்ம்ம் என்று ஒரே உறுமல். கேப்சர் டூப்ளிகேட்டா?

சமாதானபுரம் அண்ணாச்சி எழுதியது:

கேப்சர் நல்லாத்தான் இருக்கிறது, கேபிள்தான் வேறு பெட்டிக்கு உள்ளது. அந்த ஒற்றை ஊசியைப் பார், மூன்று கறுப்பு வளையம், நாலு பித்தளைப் பாகம். எந்தப் பாகத்தில் படம், எதில் சத்தம், எதில் எர்த் என்று கம்பெனிக்குக் கம்பெனி மாற்றி வைத்திருக்கிறார்கள். உறுமல் சத்தம் என்றால் படத்தின் சிக்னல் சத்தத்தின் வழியில் போகிறது என்று அர்த்தம். புதுக் கேபிள் வாங்குவதற்கு முன்னால் ஒன்று செய். கேபிளின் சிவப்புத் தலையை எடுத்துக் கேப்சரின் மஞ்சள் ஓட்டையில் செருகு. மஞ்சள் தலையைச் சிவப்பு ஓட்டையில். பார்க்கிறவன் சிரிப்பான், படம் வருகிறதா பார். அப்படியும் வரவில்லை என்றால் எர்த் மாறியிருக்கிறது, அதற்குப் பெட்டிக்கே உரிய கேபிள்தான் வழி.

பெட்டியின் வால்யூமை முழுசுக்குக் கொஞ்சம் குறைவாக வைத்துவிட்டு அப்புறம் ரிமோட்டைத் தொடாதே. பெட்டி வால்யூமைக் குறைத்தால் பதிவிலும் குறையும்.

கரந்தை மீனா எழுதியது:

அண்ணாச்சி, சிவப்பை மஞ்சளில் செருகியதும் படம் பளிச்சென்று வந்துவிட்டது! என் பையன் "இது தப்பாச்சே அம்மா" என்று பிடுங்கப் பார்த்தான், கையில் ஒன்று வைத்தேன்.

முதல் தடவை பதிந்தது குப்பை. நேரலை மொத்தம் மூன்று மணி நேரம். முடிந்ததும் ஆசையாகப் போட்டுப் பார்த்தால், ஓதுவார் தேவாரம் பாடுகிற இடத்தில் எங்கள் குக்கர் மூன்று விசில் அடிக்கிறது. அத்தை நாத்தனாரிடம் போனில் என் சாம்பாரைப் பற்றிச் சொன்னதும் தெளிவாகக் கேட்கிறது. ஓபிஎஸ் லேப்டாப்பின் மைக்கை எடுத்திருக்கிறது. சத்தத்துக்கு யூஎஸ்பி கேப்சரைத் தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அப்போதுதான் தெரிந்தது. (அந்தப் பதிவை அழிக்கவில்லை, சாம்பார் விவகாரத்துக்கு ஆதாரம்.)

இரண்டாம் தடவை டிஸ்க் டிக் டிக் என்று முரண்டு பிடித்தது. நடுவில் இரண்டு இடத்தில் படம் உறைந்தது. ஆனால் மாமா வருகிற இடம் முழுசாக வந்துவிட்டது. அவருக்கு முன்னால் ஒரு குழந்தை தோளில் இருந்து வாட்டர் பாட்டிலை ஆட்டுகிறது, அதுகூடத் தெரிகிறது. பெட்டியை நிறுத்தி ஆறவிட்டு மறுநாள் மகாமகம் எடுத்தேன். இதுவரை 11 பதிவு ஆகியிருக்கிறது. மற்றவற்றில் பாதி மாமா தவறுதலாகப் பதிந்த சமையல் நிகழ்ச்சி.

இன்னும் ஒரே ஒரு சந்தேகம். பென் டிரைவில் போட்டு ஹாலில் இருக்கும் டிவியில் செருகினால் சத்தம் வருகிறது, படம் வரவில்லை. லேப்டாப்பில் நன்றாக ஓடுகிறது. அத்தைக்கு லேப்டாப் திரை போதவில்லை.

பெங்குவின் பாலா எழுதியது:

அக்கா, சத்தம் மட்டும் வருகிறது என்றால் ஓபிஎஸ்ஸில் என்கோடரை, அதாவது படத்தைச் சுருக்குகிற முறையை, எச்.265-இல் வைத்துப் பதிந்திருப்பீர்கள். பழைய டிவிகளுக்கு அது தெரியாது, எச்.264 வரைக்கும்தான். ஹேண்ட்பிரேக் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. அதில் கோப்பைப் போட்டு, வீடியோ எச்.264, கோப்பு எம்பி4 என்று கொடுங்கள். மூன்று மணி நேரக் கோப்பு என்பதால் கொஞ்ச நேரம் எடுக்கும். மூலக் கோப்பை அழிக்காதீர்கள். இனிமேல் பதிவதை நேரடியாக எச்.264-இல் பதியுங்கள்.

அவசரம் என்றால் அந்தக் காட்சியை மட்டும் இரண்டு நிமிஷம் வெட்டி முதலில் மாற்றுங்கள். ஹேண்ட்பிரேக்கிலேயே ஆரம்ப வினாடி, முடிவு வினாடி கொடுக்கலாம்.

சமாதானபுரம் அண்ணாச்சி எழுதியது:

தம்பி சொன்னதே சரி. மூலக் கோப்பை இரண்டு இடத்தில் வை, ஒன்று நாத்தனார் வீட்டில் இருக்கட்டும். சாம்பார் பதிவை மட்டும் அனுப்பிவிடாதே.

கரந்தை மீனா எழுதியது:

டிவியில் வந்துவிட்டது. அத்தை நாலு தடவை போடச் சொன்னார். அஞ்சாவது தடவை நிறுத்தச் சொல்லிவிட்டு, "அந்தத் துண்டு என்னுது, அன்னிக்கு முழுக்கக் கொடியில தேடினேன்" என்றார்.